சிட்டிங் வொர்க் என்று எழுதினேன்

நான் வேலை பார்த்த பிசியோதெரபி மையத்தில் நோயாளி விவரம் எழுதும் கேஸ் பேப்பரை நிறுத்திவிட்டு, விரலால் தொடுகிற டேப்லெட் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்த மாற்றம் இது. போன மாதம் பழைய ஆட்களைப் பார்க்கப் போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி அதை என்னிடம் காட்டினாள். நோயாளியின் பெயர், வயது, எங்கே வலி, எத்தனை நாளாக என்று அது வரிசையாகக் கேட்கிறது. தொழில் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள். உட்கார்ந்து செய்வது, நின்று செய்வது, பளு தூக்குவது. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

"ரொம்ப ஈஸி, மாமா" என்றாள்.

மும்பை ஆஸ்பத்திரிகளில் என்னைப் போன்ற உதவியாளர்களை டாக்டரிலிருந்து நோயாளி வரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருடம் நான் மாட்டுங்காவில் எல்லாருக்கும் மாமாவாக இருந்தேன். அந்த மூன்று கட்டங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு போன் செய்து ஒரு பழைய கேஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "இதை எழுதிக் குடுங்க மாமா. தமிழ் படிக்கத் தெரிஞ்ச யாராவது எங்களுக்குப் படிச்சுச் சொல்வாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த குடும்பம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மூன்று வருடம் ஒரு லெதர் பை பட்டறையில் மெஷினில் உட்கார்ந்தேன். ஊசி விரலில் ஏறிவிடுமோ என்று பயந்து பயந்து தைத்ததில் மற்றவர்கள் இரண்டு பை முடிக்கிற நேரத்தில் எனக்கு ஒன்றுதான் முடியும். முதலாளி கோபப்படவில்லை. வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாட்டுங்காவில் ஒரு தர்ம ட்ரஸ்ட் நடத்தும் இந்த மையத்தில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். சில வருடத்தில் ஒத்தடம் வைப்பது, நோயாளியைப் பிடித்து நடத்துவது, உடற்பயிற்சியை எண்ணுவது என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. எண்ணுவதில் நான் தப்பே விட்டதில்லை. முடித்த பிறகும் சரியாகத்தான் எண்ணினோமா என்று எனக்குச் சந்தேகம் இருக்கும். அதனால் நோயாளிகள் ஒன்றிரண்டு அதிகமாகவே செய்திருப்பார்கள்.

கவலைப்படுவது என் சுபாவம். ஒத்தடப் பை கொதிக்கிற தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும். அதை ஆறு மடிப்பு டவலில் சுற்றி வைக்க வேண்டும் என்பது விதி. நான் ஏழு மடிப்பேன். மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் "சூடு அதிகமா இருக்கா?" என்று கேட்பேன். முலுண்டிலிருந்து வந்த ரிட்டயர்டு வங்கி குமாஸ்தா ஒருவர், "இங்க வந்து பத்து நிமிஷம் கண் அசரலாம்னு பார்த்தா இந்த மனுஷன் விடமாட்டேங்கறார்" என்று எங்கள் மேடத்திடம் புகார் சொன்னார்.

மேடம் டவலைப் பிரித்து மடிப்புகளை எண்ணினார். "தங்கராஜ், ஆறு. ஏழு மடிச்சா சூடு உள்ள போறதுக்குள்ள டைம் ஆயிடும்" என்றார். பிறகு குமாஸ்தாவிடம் திரும்பி, "அவர் கேட்டுண்டுதான் இருப்பார். நீங்க தூங்கிண்டே பதில் சொல்லுங்கோ" என்றார்.

ராஜம் மேடம்தான் எங்கள் தலைமை பிசியோதெரபிஸ்ட். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில். சின்ன உருவம். காட்டன் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கும் பிளாஸ்டிக் கருவி. பெருக்க வருபவரையும் வாங்கோ போங்கோ என்றுதான் சொல்வார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அது எனக்குக் கவலையாகவே இருந்தது. சத்தம் போடுகிறவர்களிடம் எப்போது கோபம் முடிந்தது என்று தெரிந்துவிடும்.

அவர் நோயாளி பார்க்கும் முறை இது. கதவிலிருந்து படுக்கை வரை நோயாளி நடந்து வருவதை ஒன்றும் பேசாமல் பார்ப்பார். "ஒரு விரலால காட்டுங்கோ, எங்க வலி?" என்பார். உள்ளங்கையால் தடவிக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். "கையால காட்டினா அது கவலை. விரலால காட்டினாத்தான் வலி." எனக்கு முதுகு வலி வந்தபோது நான் இரண்டு கையாலும் காட்டினேன். பிறகு முதலில் நல்ல காலைச் சோதிப்பார், அப்புறம்தான் கெட்ட காலை. கடைசியாகக் கேஸ் பேப்பரைப் பார்ப்பார்.

அந்தக் கேஸ் பேப்பரின் மேல் பாதியை எழுதுவது என் வேலை. தாராவி ஆட்கள் மேடத்திடம் பேசக் கூச்சப்படுவார்கள், என்னிடம் பேசிவிடுவார்கள் என்பதால் அவரே அதை எனக்குக் கொடுத்தார். பேப்பர் இங்கிலீஷில் இருக்கும். பெயர், வயது எழுதிவிடுவேன். தொழில் என்ற இடம் வந்தால் எனக்கு வியர்க்கும். ஒரு நர்ஸ் எனக்கு மூன்று சொல் எழுதிக் கொடுத்திருந்தார். சிட்டிங் வொர்க், ஸ்டாண்டிங் வொர்க், ஹெவி வொர்க். அந்த மூன்றையும் பிழையில்லாமல் எழுதப் பழகியிருந்தேன். உலகத்தில் உள்ள எல்லா வேலையையும் நான் அந்த மூன்றில் ஒன்றாக எழுதினேன். ரயில்வே கிளார்க், சமையல்காரர், பள்ளி டீச்சர், பூ விற்கிறவர், எல்லாரும் அதில் அடங்கினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் சரி என்று நினைத்தேன்.

இப்போது கேஸுக்கு வருகிறேன்.

இசக்கிமுத்துவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. தாராவியில் லெதர் பை பட்டறையில் வேலை. ஒரு சாயங்காலம் குர்லாவில் லோக்கல் ரயிலிலிருந்து இறங்கும்போது வலது கால் பிளாட்ஃபாரத்தில் ஊன்றிவிட்டது, உடம்பு இன்னும் வண்டியில் இருந்தது. பின்னால் இறங்கியவரின் டூல்ஸ் பெட்டி முழங்காலின் வெளிப்பக்கத்தில் இடிக்க, முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்துவிட்டது. எலும்பு டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி, பக்கவாட்டில் கம்பி வைத்த பெல்ட்டை ஆறு வாரம் போடச் சொன்னார். அதன் பிறகு எங்களிடம் அனுப்பினார்.

"என்ன வேலை தம்பி?" என்று கேட்டேன்.

"பை பட்டறைல மெஷின்ல இருக்கேன் அண்ணாச்சி. உக்காந்த வேலதான். நிக்க வேண்டியதே இல்ல. அதான் முதலாளி சீக்கிரம் வரச் சொல்லுதாரு."

சிட்டிங் வொர்க் என்று எழுதினேன். அழகாகவே எழுதினேன்.

முதல் மூன்று வாரம் நன்றாகப் போனது. தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடிப்பது, காலை நீட்டியபடி ஒரு சாண் தூக்குவது, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வைத்து நசுக்குவது. இசக்கி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். மேடம் வைத்தியத்தில் ஒரு சோதனை உண்டு. நோயாளியைப் படுக்க வைத்து முழங்காலைக் கொஞ்சம் மடித்து, ஒரு கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முழங்காலின் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தள்ளுவார். உள்பக்க ஜவ்வு இழுபடும். வலித்தால் ஆறவில்லை என்று அர்த்தம். மூன்றாம் வாரம் அவன் முகம் சுளிக்கவில்லை. மேடம் வேலைக்குப் போகச் சொன்னார். "சிட்டிங் வொர்க்தானே. பரவாயில்லை" என்றார்.

வேலைக்குப் போன நாலாவது நாள் நொண்டிக்கொண்டு வந்தான். விரலால் காட்டினான். முழங்காலின் உள்பக்கம், அதே இடம்.

"வீட்ல பயிற்சி பண்றேளா?"

"பண்ணுதேன் மேடம். எம் பொஞ்சாதி எண்ணுதா. அவ எண்ணுனா ஒண்ணு கூட விடமாட்டா."

"எப்போ ஜாஸ்தி?"

"சாயந்தரம். ஞாயித்துக்கிழமை கொஞ்சம் தேவல."

"ஞாயித்துக்கிழமை உங்க முழங்காலுக்கும் லீவு தெரியறதாக்கும்" என்றார் மேடம். சிரிக்கவில்லை. பேப்பரைப் பார்த்தார். அதில் என் கையெழுத்தில் சிட்டிங் வொர்க் இருந்தது. உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு வேலையால் வலி வராது என்று வேறு காரணங்களைத் தேட ஆரம்பித்தார்.

முதலில் ஏணி. இசக்கியின் வீடு மாடியறை, இரும்பு ஏணியில் ஏற வேண்டும். கீழே இருந்த சொந்தக்காரர் வீட்டில் இரண்டு வாரம் படுக்கச் சொன்னார். படுத்தான். வலி குறையவில்லை. அடுத்து, சம்மணம் போட்டுச் சாப்பிடுவது. பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டான். வலி குறையவில்லை. அடுத்து, குத்துக்கால் வைத்துக் குளிப்பது. பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினான். பக்கத்து வீட்டுக்காரன், "என்னலே, உனக்குத் தலப்பிரசவமா?" என்று கேட்டானாம். அதையும் என்னிடம் வந்து சொன்னான், சிகிச்சைக்கு உதவுமோ என்று. ஒருக்களித்துத் தூங்கும்போது காலுக்கு நடுவில் தலையணை வைக்கச் சொன்னார். "அத வச்சதுல எம் பொஞ்சாதி வேற பக்கம் போயிட்டா அண்ணாச்சி" என்றான். வலி மட்டும் எங்கேயும் போகவில்லை.

ஒவ்வொரு தரமும் மேடம் வெளிப்பக்கத்திலிருந்து தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் அவன் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு மாதம் ஆனதும் மேடம் சொன்னார். "மறுபடியும் ஸ்கேன் எடுக்கணும். மறுபடியும் ஆறு வாரம் பெல்ட். முழு ரெஸ்ட்."

இசக்கி அவரிடம் தலையாட்டினான். ஒத்தடம் வைக்கும்போது என்னிடம் சொன்னான். "போன தடவ ஒம்பது வாரம் என் மெஷின சும்மா போட்டு வச்சாரு அண்ணாச்சி. இந்தத் தடவ ரெஸ்டுன்னா வேற ஆள உக்கார வச்சிருவேன்னு சொல்லிட்டாரு. ஆளும் பாத்துட்டாரு. பீகார்க்காரன், நல்லா தைக்கான், நானே பாத்தேன்."

அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். பதினாறு வருடமாக அதே மெஷின். அவனுக்காகக் கவலைப்பட ஆரம்பித்தேன், கவலை என்னிடம் எப்போதும் தயாராக இருப்பதால் அது கஷ்டமாக இல்லை.

ஸ்கேனுக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாள். இசக்கி எங்கள் அரை டிராயரை மாட்டிக்கொண்டு படுத்திருந்தான். அவனுடைய பேண்ட் திரைக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. தரையில் விழுந்துவிடுமே என்று அதை எடுத்துச் சரியாக மாட்டப் போனேன். வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் துணி தேய்ந்து பளபளவென்று இருந்தது, உள்ளங்கை அளவுக்கு. நடுவில் மெஷின் எண்ணெய்க் கறை. இடது கால் துணி புதிதாக இருந்தது.

அந்தக் கறையில் விரலை வைத்துப் பார்த்தேன்.

லெதர் தைக்கிற மெஷினில் மேசைக்கு அடியில், வலது முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு தகடு தொங்கும். தையலைத் திருப்ப வேண்டிய இடத்தில் லெதரை அமுக்கிப் பிடித்திருக்கும் இரும்புப் பாதத்தைத் தூக்க வேண்டும். இரண்டு கையும் லெதரில் இருக்கும், வலது கால் மோட்டார் பெடலில் இருக்கும். அதனால் முழங்காலை வெளிப்பக்கமாகத் தள்ளி அந்தத் தகட்டை இடிப்போம். இரும்புப் பாதம் தூக்கும், லெதரைத் திருப்புவோம், முழங்காலை எடுப்போம். யோசித்துச் செய்வதில்லை, கண் இமைக்கிற மாதிரி. மூன்று வருடம் நானும் செய்தவன். எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் சிட்டிங் வொர்க் என்று எழுதினேன்.

பேண்டைக் கொக்கியில் மாட்டினேன். ஒத்தடத்தை எடுத்தேன். மூன்று பேருக்குப் பயிற்சி எண்ணினேன். மேடத்திடம் சொன்னால் வேலை போகும் என்று தோன்றியது. சொல்லாவிட்டால் அவன் வேலை போகும் என்றும் தோன்றியது. எந்த வேலை போனால் யாருக்கு நஷ்டம் அதிகம் என்று யோசித்தேன். எனக்கு அப்போது கவலைப்படாமல் இருக்கத் தெரிந்திருந்தால் சொல்லாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். கடைசி நோயாளி போன பிறகு மேடத்தின் அறைக்குப் போய், அந்த நேரத்தில் வாயில் வந்த வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். பேண்டிலிருந்து ஆரம்பித்து என் எட்டாம் வகுப்பு வரை போய்விட்டேன்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கோ. எப்படி இடிப்பேள்னு காட்டுங்கோ."

உட்கார்ந்தேன். முழங்காலுக்கு வெளிப்பக்கத்தில் அவர் தன் உள்ளங்கையைத் தகடு மாதிரி நிறுத்தினார். இடித்துக் காட்டினேன்.

"பெலமா இடியுங்கோ. லெதர் மெஷின்தானே?"

இடித்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பைக்கு எத்தனை தடவை?"

"மூலை, கைப்பிடி, ஜிப் எல்லாம் சேத்தா நாப்பது இருக்கும் மேடம்."

"ஒரு நாளைக்கு எத்தனை பை தைப்பார்?"

"முப்பது."

மேடம் மேசையில் விரலால் கணக்குப் போட்டார். "ஆயிரத்து இருநூறு" என்றார். "வெளிப்பக்கத்துலேர்ந்து தள்ளி உள்ஜவ்வு வலிக்கறதான்னு நான் வாரத்துக்கு ஒரு தடவை இங்க பார்க்கறேன். அதே டெஸ்ட்டை அவர் அங்க ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு தடவை பண்ணிண்டிருக்கார்."

நான் எழுந்து நின்றேன். வேலையை விட்டு நீக்குவதை நின்றுகொண்டு கேட்பதுதான் மரியாதை என்று பட்டது.

"அந்தப் பேப்பரை எடுங்கோ" என்றார். எடுத்தேன். "சிட்டிங் வொர்க்கை அடியுங்கோ. பக்கத்துல இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்கோ."

"மேடம், எனக்கு இங்கிலீஷ்..."

"தமிழ்ல எழுதுங்கோ. மெதுவாத்தான் வாசிப்பேன். ஆனா வாசிப்பேன்."

எழுதினேன். இடம் போதாமல் பேப்பரின் ஓரத்தில் மடங்கிப் போய்ப் பின்பக்கம் வரை போயிற்று. மேடம் எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. "இதை நீங்க முதல்லயே எழுதியிருந்தா ரெண்டு மாசம் அவரைப் பெஞ்சில சாப்பிட வச்சிருக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். முப்பத்தொரு வருடத்தில் அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு தரம்தான்.

ஸ்கேனைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் மதியம் தாராவிக்கு வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். அறுபதை நெருங்கியவர், பட்டறை மாடியில் இருக்கிறது, ஏணி செங்குத்தானது, புடவை. அவர் விழுந்தால் யார் பதில் சொல்வது. "நீங்க பின்னாடி ஏறுங்கோ. விழுந்தா உங்க மேலதான் விழுவேன்" என்றார். அப்படித்தான் ஏறினோம்.

பட்டறையில் நாலு மெஷின். முதலாளி செல்லையாவும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ அதிகாரி என்று நினைத்தார். இசக்கி வெளிறிப்போய் மெஷினை நிறுத்தினான்.

"நீங்க தைங்கோ" என்று அவனிடம் சொல்லிவிட்டு, மேடம் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து அவன் முழங்காலைப் பார்த்தார். ஒரு பை முடிகிற வரை பார்த்தார். பிறகு அவனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். முழங்காலால் தகட்டை இடித்தார். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாவது தரம், "ம்" என்றார்.

"இந்தத் தகட்டை எடுக்கணும்" என்றார் முதலாளியிடம்.

"கம்பெனிக்காரன் வச்சது அம்மா அது. எல்லாரும் முட்டுக்காலாலதான் தூக்குதாங்க. நானும் இருபது வருசம் தூக்குனேன்."

"உங்க முழங்கால் எப்படி இருக்கு?"

செல்லையா தன் வலது முழங்காலைத் தேய்த்தார். பின்னால் மெஷினில் இருந்தவன் தும்மினான். அது தும்மல்தானா என்று எனக்குச் சந்தேகம்.

"அவரை வேலையை நிறுத்தச் சொல்லலை" என்றார் மேடம். "உக்காரட்டும், தைக்கட்டும். இரும்புப் பாதத்தைத் தூக்கறது மட்டும் இடது காலால பண்ணட்டும். கீழே ஒரு பெடல், ஒரு சங்கிலி. முடியுமோ, முடியாதோ?"

"முடியும். குர்லால ஒரு மெக்கானிக் செய்வான். ஆனா இவன் கை பழகுனது வேற அம்மா. எல்லாம் புதுசா பழகணும். ஒரு நாளைக்கு முப்பது வரணும், வெளியூரு ஆர்டரு." தாடியைச் சொறிந்தார். "பதினஞ்சு நாள் பாக்கேன். பதினாறாம் நாள் முப்பது வந்தா அவன் மெஷின் அவனுக்கு. வரலன்னா ஆள மாத்திருவேன். மனசுல வச்சுக்கிடாதீய."

"வச்சுக்க மாட்டோம்" என்றார் மேடம். ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்துவிட்டு இறங்கினோம். இறங்கும்போது நான் முன்னால், அதே காரணத்துக்காக.

பெடல் வந்தது. முதல் நாள் இசக்கி பதினொரு பை தைத்தான். காரணம் இடது கால் இல்லை, வலது முழங்கால்தான். தகட்டை எடுத்த பிறகும், மூலை வந்தால் அது தானாகவே வெளியே போய் ஒன்றுமில்லாத இடத்தை இடித்தது. அப்புறம்தான் இடது காலுக்கு ஞாபகம் வரும். அதற்குள் தையல் இரண்டு கண்ணி தாண்டிப் போயிருக்கும், பிரித்துத் தைக்க வேண்டும்.

"அந்த முழங்கால் பதினாறு வருஷமா சரியாத்தான் வேலை செஞ்சது. அதுக்குத் தப்புன்னு இப்பத்தான் சொல்றோம். டைம் கொடுக்கணும்" என்றார் மேடம்.

பயிற்சிக்கு வழி கண்டுபிடித்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, பதினைந்து நாள் என்று கேட்டதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. எங்கள் மையத்தில் ஒரு மேசைக்கு முன்னால் இசக்கியை உட்கார வைத்தேன். இடது காலடியில் மணல் பை. வலது முழங்காலுக்கு வெளிப்பக்கம், இரண்டு விரல் தள்ளி, ஒரு ஸ்டூலின் விளிம்பில் எவர்சில்வர் டப்பா மூடியை நிறுத்தினேன். கையில் ஒரு அட்டையைக் கொடுத்து அதை லெதர் மாதிரி நகர்த்தச் சொன்னேன். "மூலை" என்று நான் சொன்னதும் இடது காலால் மணல் பையை அமுக்கி அட்டையைத் திருப்ப வேண்டும். வலது முழங்கால் அசைந்தால் மூடி கீழே விழும்.

முதல் நாள் அரை மணி நேரத்தில் மூடி முப்பத்தேழு தரம் விழுந்தது. பக்கத்துப் படுக்கையில் கழுத்துக்கு இழுவை வைத்திருந்த அம்மாள் ஒவ்வொரு தரமும் தூக்கிவாரிப் போட்டுப் பார்த்தார். மேடம் அவரை வேறு நேரத்துக்கு மாற்றினார். தினமும் போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்பார். "இன்னிக்கு மூடி எத்தனை?"

இருபத்தொன்பது. இருபத்தாறு. ஒரு நாள் முப்பத்தொன்று. அன்று நான் என் மனைவியிடம், அவன் வேலை போய்விட்டது என்றே சொல்லிவிட்டேன். "நீங்க கவலப்படாத நாள்லதான் எனக்குப் பயமா இருக்கும். இன்னைக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள்.

பத்தாம் நாள் ஏழு. அன்று பட்டறையில் இருபத்தொரு பை. மேடம் முழங்காலைத் தள்ளிப் பார்த்தபோது அவன் விரிப்பைப் பிடிக்கவில்லை, பற்களை மட்டும் கடித்தான். பதின்மூன்றாம் நாள் மூடி இரண்டு தரம் விழுந்தது, பை இருபத்தாறு. மேடம் தள்ளினார். "இழுக்கு மேடம், வலிக்கல" என்றான். இன்னும் ஒரு தரம் கேட்டார். "இழுக்கறதா, வலிக்கறதா?" அவன் யோசித்து, "இழுக்கத்தான் செய்யுது" என்றான். மேடம் அதைப் பேப்பரில் எழுதினார், தமிழில். அவர் எழுத்து என் இங்கிலீஷ் மாதிரியே இருந்தது.

"நாளைக்கும் மறுநாளும் வாங்கோ" என்றார்.

அவன் வரவில்லை. பதினான்காம் நாள் வரவில்லை, பதினைந்தாம் நாள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பதினாறாம் நாள் காலையில் மூடியை ஸ்டூலில் நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அன்றும் வரவில்லை. விதிப்படி மூன்று நாள் வராத நோயாளியின் பேப்பரில் பாதியில் விட்டவர் என்று முத்திரை குத்தி அலமாரியில் வைக்க வேண்டும். முத்திரையை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன்.

"போய்ப் பாத்துட்டு வாங்கோ. அப்புறம் குத்தலாம்" என்றார்.

போகிற வழியெல்லாம் யோசித்தேன். பாதி வழியில், அவன் மெஷினில் பீகார்க்காரன் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்கவே முடிந்தது, சட்டை நிறம் உட்பட. ஏணியில் ஏறி, தலையை மட்டும் தளத்துக்கு மேல் நீட்டினேன்.

பீகார்க்காரன் இருந்தான். மூலையில், நாலாவது மெஷினில். இசக்கி தன் மெஷினில் இருந்தான். பக்கத்தில் தைத்து முடித்த பைகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. செல்லையா என்னைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி. ஆர்டரு நெருக்குது, அவன் எங்கயும் வரமாட்டான்" என்றார். "நேத்தே முப்பத்து ரெண்டு. மெஷின் அவனுக்குத்தான்."

ஏறிப்போய் இசக்கிக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தேன். மூலை வந்தது. இடது கால் அமுங்கியது. லெதர் திரும்பியது. வலது முழங்கால் அசையவில்லை. அடுத்த மூலை. அசையவில்லை. ஒரு முழுப் பை பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் எண்ணினேனா என்று இன்னொரு பையும் பார்த்தேன்.

"வலி இருக்காடே?" என்று கேட்டேன்.

அவன் தலையைத் தூக்கவில்லை. லெதரிலேயே கண்ணாக இருந்தான்.

"அண்ணாச்சி, வெளிச்சத்த மறைக்கிய. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.